மூளைக்குள் போகும் பிளாட்டினச் சுருள்

2011 பிப்ரவரி. வடக்கு லண்டனில் ஓர் உடற்பயிற்சிக் கூடம். 24 வயது நடிகை எமிலியா கிளார்க் பயிற்சியைத் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே தலைவலி பொறுக்க முடியாமல் போயிற்று. தவழாத குறையாகக் கழிவறைக்குப் போய்ச் சேர்ந்து வாந்தி எடுத்தார். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் முதல் பருவத்தை நடித்து முடித்திருந்த நேரம் அது. மூளைத் தமனி ஒன்றில் அவருக்கே தெரியாமல் புடைத்திருந்த அனியூரிசம் வெடித்திருந்தது. மருத்துவர்கள் மண்டையோட்டைத் திறக்கவில்லை. தொடை இடுக்கில் ஓடும் தமனியில் துளையிட்டு, அதன் வழியாகவே மூளைவரை போய், வெடித்த இடத்தை உள்ளிருந்து அடைத்தார்கள். மூன்று மணி நேர வேலை. இடையில் சில நாட்கள் தன் பெயரைக்கூடச் சொல்ல வராமல் தவித்தவர், ஒரு மாதத்தில் வீடு திரும்பினார்.

அவருக்கு இன்னொரு அனியூரிசமும் இருந்தது. சிறியது, பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். 2013-ல் நியூயார்க்கில் எடுத்த ஸ்கேனில் அது இரு மடங்காகியிருந்தது. மீண்டும் தொடை வழியாகவே சிகிச்சை. இந்த முறை அது தோற்றது. பெரும் இரத்தக் கசிவு ஏற்பட்டது; உயிரைக் காக்க வேறு வழியில்லாமல் மண்டையோட்டைத் திறந்தார்கள். இதையெல்லாம் 2019-ல் ‘தி நியூ யார்க்கர்’ இதழில் அவரே எழுதினார்.

முதலில் கைகொடுத்த முறை இரண்டாவதில் ஏன் கைவிட்டது? இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது தழும்பு கிடையாது, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்பதைத்தான் நாம் முதலில் கேட்கிறோம். தோலில் போடும் துளை சிறியது என்பதால் உள்ளே நடப்பதும் சிறியது என்று மனம் நம்பிவிடுகிறது. ஆனால் ஆபத்து துளையில் இல்லை. அது மில்லிமீட்டர் கணக்கிலான ஒரு பையின் சுவரில் இருக்கிறது. அந்தப் பை வெடித்துவிட்டதா, இன்னும் வெடிக்கவில்லையா என்பதைப் பொறுத்து, இதே சிகிச்சையின் லாப நஷ்டக் கணக்கு அடியோடு மாறுகிறது.

மூளைக்கு வரும் தமனிகள் அதன் அடிப்பகுதியில் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையமாகின்றன. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1664-ல் விவரித்ததால் அது வில்லிஸ் வளையம். அந்த வளையத்திலிருந்து கிளைகள் பிரியும் கவைகளில்தான் பெரும்பாலான அனியூரிசங்கள் தோன்றுகின்றன. இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் இரத்தம் வந்து மோதுவது அந்தக் கவையில்தான். மூளைத் தமனிகளின் சுவர் உடலின் மற்றத் தமனிகளைவிட மெலிந்தது. வெளிப்புற மீள்தன்மை அடுக்கு அதில் கிடையாது. சுற்றிலும் தாங்கிக்கொள்ளத் தசையும் இல்லை, மூளைத் தண்டுவட நீர் மட்டுமே. பழைய சைக்கிள் டியூபில் ரப்பர் நைந்த இடம் மட்டும் புடைத்து நிற்குமே, அப்படித்தான் கவையில் சுவர் நைந்து பையாகிறது. பெரியவர்களில் 100 பேரில் சுமார் 3 பேருக்கு இப்படி ஒன்று இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் முழுவதும் வெடிப்பதே இல்லை. வெடித்தால், பாதிக்கப்படுவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இறந்துபோகிறார்கள்.

உயிரோடு இருப்பவரின் மூளைத் தமனிகளைக் கண்ணால் பார்க்க வழிசெய்தவர் போர்ச்சுகலைச் சேர்ந்த எகாஸ் மோனிஸ். 1927-ல் கழுத்துத் தமனியில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1937-ல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டேண்டி மண்டையோட்டைத் திறந்து, அனியூரிசத்தின் கழுத்தில் ஒரு வெள்ளிக் கிளிப்பை மாட்டினார். கிளிப் மாட்டியதும் பைக்குள் இரத்தம் போவது நின்றது. நுண்ணோக்கியும் நல்ல கிளிப்புகளும் வந்து செம்மைப்பட்ட அந்த அறுவை இன்றும் உயிர்ப்போடு இருக்கிறது. சில இடங்களுக்கு அதுவே சிறந்த வழியும்கூட.

உள்ளிருந்து அடைக்கலாம் என்ற யோசனைக்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் மாஸ்கோவின் ஃபியோதர் செர்பினென்கோ. மே தின விழாவில் குழந்தைகள் நூலில் பிடித்திருந்த பலூன்களைப் பார்த்தபோது அவருக்கு அந்த எண்ணம் வந்தது என்று சொல்வார்கள். குழாயின் நுனியில் ஒரு குட்டிப் பலூனைக் கொண்டுபோய், ஊதி, கழற்றி விட்டுவிடும் முறையை அவர் 1974-ல் வெளியிட்டார். துணிச்சலான வேலை. ஆனால் பலூனுக்கு அதன் வடிவம்தான் தெரியும், பையின் வடிவம் தெரியாது. கோணல் மாணலான பைக்குள் ஊதினால் மெலிந்த சுவரை அது அழுத்தியது. சில சமயம் பை கிழிந்தது.

அடுத்த அடி ஒரு விபத்திலிருந்து வந்தது. இத்தாலிய நரம்பியல் அறுவை நிபுணர் குய்தோ குல்யெல்மி மின்னணுவியலும் படித்தவர். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முயலின் தமனியில் செயற்கையாக ஓர் அனியூரிசத்தை உருவாக்கி, அதற்குள் மெல்லிய மின்முனையை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். இரத்த அணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. நேர்மின்முனை அவற்றை இழுத்துக் கட்டியாக்கிவிடும் என்று எதிர்பார்த்தார். கட்டி பெரிதாக உருவாகவில்லை. ஆனால் மின்முனையின் நுனி அரித்துக் கழன்று உள்ளேயே தங்கிவிட்டது. கெட்டுப்போன சோதனை என்று அதை ஒதுக்கிவிடாமல் மனத்தில் வைத்திருந்தார். பின்னர் லாஸ் ஏஞ்சலஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வந்து, பொறியாளர் இவான் செபெட்காவுடன் சேர்ந்தபோது அந்தக் கழன்ற நுனி ஒரு கருவியாயிற்று. எஃகுக் கம்பியின் முனையில் பிளாட்டினச் சுருள். கம்பியை நேர்மின்முனையாக்கி, ஒரு மில்லி ஆம்பியர் அளவிலான மின்சாரம் பாய்ச்சினால், இரண்டும் சேரும் இடத்தில் எஃகு இரத்தத்திலேயே கரைகிறது. பிளாட்டினம் கரைவதில்லை. இழுக்கவோ தள்ளவோ வேண்டியதில்லை. சுருள் தானாகப் பிரிந்துவிடுகிறது. 1990-ல் முதல் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தது. 1995-ல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது.

இதன் அருமை, முடிவை மாற்றிக்கொள்ள அது இடம்தருவதில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த சுருள்களைத் தள்ளிவிட்டால் தள்ளிவிட்டதுதான். குல்யெல்மியின் சுருளை உள்ளே விட்டுப் பார்க்கலாம். சரியாக உட்காரவில்லை என்றால் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். மருத்துவருக்குத் திருப்தியான பிறகே மின்சாரம். எனக்கு மருத்துவக் கருவிகளில் இதைவிட மனிதத்தன்மை மிக்க ஒன்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

சிகிச்சை நடக்கும் அறையில் இப்போது என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். நோயாளி முழு மயக்கத்தில் இருக்கிறார். தொடை இடுக்கிலோ, இன்று பல இடங்களில் செய்வதுபோல மணிக்கட்டிலோ தமனியில் ஊசி ஏறுகிறது. அதன் வழியாக வழிகாட்டிக் குழாய் பெருந்தமனி வழியே கழுத்துவரை போகிறது. அதற்குள்ளிருந்து மைக்ரோ கத்தீட்டர் என்ற இன்னும் மெல்லிய குழாய் புறப்படுகிறது. நுனியில் அதன் தடிமன் சுமார் 0.6 மில்லிமீட்டர். தமனியின் வளைவுகளைத் திரையில் பார்த்தபடி, கம்பியை விரல்நுனியில் உருட்டி உருட்டி, பையின் வாய்க்குக் கொண்டுபோகிறார்கள். பிறகு சுருள். பிளாட்டின இழையைச் சுற்றிச் சுற்றிச் செய்த, கால் மில்லிமீட்டர் தடிமனான ஸ்பிரிங் அது. குழாய்க்குள் நேராகக் கிடப்பது, பையை அடைந்ததும் தன் இயல்பான வளையத்துக்குத் திரும்பிப் பைக்குள் கூடு கட்டுகிறது. முதல் சுருள் கூடு. அடுத்தடுத்துச் சிறிய சுருள்கள் நடுவை நிரப்புகின்றன. இத்தனை போட்ட பிறகும் பையின் கொள்ளளவில் ஏறக்குறைய கால் பங்குதான் பிளாட்டினம். மீதியை இரத்தம் உறைந்து நிரப்புகிறது. பையின் வாயில் புதுத் திசு படர்ந்து மூடுவது உடலின் வேலை, அதற்கு மாதங்கள் ஆகும். அந்தத் திசு படரும்வரை, படராமலே போகும் இடங்களில் அதற்குப் பிறகும், வேலை பாக்கி இருக்கிறது.

வெடித்த அனியூரிசத்துக்கு எது மேல், கிளிப்பா சுருளா? இதற்கு விடை தேடிய மிகப் பெரிய ஆய்வு ஐசாட். பிரிட்டனின் ஆண்ட்ரூ மாலினூ, ரிச்சர்ட் கெர் ஆகியோர் தலைமையில், பெரும்பாலும் பிரிட்டனையும் ஐரோப்பாவையும் சேர்ந்த 43 மையங்களில் 2,143 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும் அறுவைப் பிரிவில் 30.6 விழுக்காடு, சுருள் பிரிவில் 23.7 விழுக்காடு. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆட்களைச் சேர்ப்பதை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2002-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானதும் உலகெங்கும் மருத்துவமனைகளின் வழக்கம் மாறியது. 100 பேருக்கு 7 பேர் கூடுதலாகத் தம் காலில் நிற்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

அதே ஆய்வை இன்னொரு முறை வாசிக்க வேண்டும். பரிசீலித்த நோயாளிகள் 9,559 பேர். கிளிப்பும் போடலாம், சுருளும் போடலாம், இரண்டும் சமமாகத் தோன்றுகிறது என்று மருத்துவர்கள் கருதியவர்களே குலுக்கலுக்கு வந்தார்கள். பெரும்பாலும் சிறிய, மூளையின் முன்பகுதித் தமனிகளில் இருந்த, நல்ல நினைவோடு வந்த நோயாளிகள். அகன்ற வாய், பெரிய இரத்தக்கட்டி என்று வருகிறவருக்கு இந்த 7 பேர் கணக்கை அப்படியே சொல்லிவிட முடியாது. 18 ஆண்டுகள்வரை தொடர்ந்து பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது: ஓராண்டு கடந்த பிறகு அதே அனியூரிசத்திலிருந்து மீண்டும் இரத்தம் கசிந்தவர்கள் சுருள் பிரிவில் 13 பேர், கிளிப் பிரிவில் 4 பேர். எண்ணிக்கை இரண்டிலும் மிகக் குறைவு. பத்தாவது ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் சுருள் பிரிவில்தான் கூடுதல், 83-க்கு 79 விழுக்காடு. ஆனாலும் சுருளின் பலவீனம் எங்கே என்பதை அந்த 13 காட்டிவிடுகிறது. இரத்தம் மோதி மோதிச் சுருள் நாளடைவில் அமுங்கிப்போகலாம், வாய் மறுபடியும் திறக்கலாம். சுருள் போட்ட அனியூரிசங்களில் சுமார் 5-ல் ஒன்று ஓரளவு திறக்கிறது. சுமார் 10-ல் ஒன்றுக்கு மறு சிகிச்சை தேவைப்படுகிறது. ஆறு மாதத்தில் வாருங்கள், ஆஞ்சியோகிராம் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று வராமல் இருந்துவிடுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

வெடித்தவருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. சிகிச்சை வெற்றி என்று சொன்ன பிறகும் இரண்டு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று குடும்பத்தார் குழம்புவார்கள். மூளையைச் சுற்றிக் கொட்டிய இரத்தம் தமனிகளைச் சீண்டுகிறது. நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை அவை இறுகிச் சுருங்கி, அடைத்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத பகுதியில் பக்கவாதத்தை உண்டாக்கலாம். நிமோடிபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவில் எழுப்பியும், 21 நாட்கள் கொடுப்பது அதைத் தடுக்கத்தான். சுருள் அடுத்த வெடிப்பைத் தடுக்கும். முதல் வெடிப்பு செய்துவிட்ட சேதத்தை அதனால் திருப்ப முடியாது.

இனி வெடிக்காதவர்கள். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாக அனியூரிசம் தெரிகிறது. நேற்றுவரை நலமாக இருந்தவர், இன்றும் நலமாகத்தான் இருக்கிறார். இங்கே ஒவ்வொரு ஆபத்தும் கனக்கிறது. பிரான்சிலும் கனடாவிலும் நடந்த அட்டெனா ஆய்வில், வெடிக்காத அனியூரிசத்துக்குத் தமனி வழியாகச் சிகிச்சை பெற்ற 649 பேரைக் கவனித்தார்கள். சிகிச்சையின்போது இரத்தக் கட்டி உருவாகி அடைத்தது 7.1 விழுக்காட்டினருக்கு. அனியூரிசம் மேசையிலேயே கிழிந்தது 2.6 விழுக்காட்டினருக்கு. இவற்றில் பலவற்றை அங்கேயே சமாளித்துவிடுகிறார்கள். கிழிந்துவிட்டால், குழாய்களில் கட்டி சேராமலிருக்கக் கொடுத்திருந்த ஹெபாரினை உடனே முறிக்கிறார்கள். கத்தீட்டரைப் பதறி வெளியே எடுக்காமல், அதே வழியில் மளமளவென்று சுருள்களை நிரப்புகிறார்கள். கிழிசல் அடைகிறது, பெரும்பாலும். ஒரு மாத முடிவில் இறந்தவர்கள் 1.4 விழுக்காடு, நிலைத்த பாதிப்பு அடைந்தவர்கள் 1.7 விழுக்காடு. சேர்த்தால் 100-க்கு 3 பேர்.

2003-ல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று இதே கேள்விக்கு 9.8 என்று விடை சொன்னது. மூன்றுக்கும் பத்துக்கும் இவ்வளவு தூரமா? அந்த ஆய்வு பழைய கருவிகளின் காலத்தது. அதோடு, அது ஓராண்டுவரை பார்த்தது. கை கால் செயலிழப்பை மட்டுமல்லாமல், நினைவும் சிந்தனையும் மங்கியதையும் சேர்த்து எண்ணியது. அதே கணக்கில் திறந்த அறுவைக்கு 12.6. எதை இழப்பு என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. கணக்கு வழக்குப் பார்க்கிற ஒருவர் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் கூட்டல் மறந்துவிட்டது என்றால், அவரைப் பொறுத்தவரை அது சிக்கலில்லாத சிகிச்சை ஆகாது. நினைவையும் எண்ணிய ஆய்வுகள் பக்கமே நான் சாய்கிறேன்.

சிகிச்சையே செய்யாவிட்டால்? ஜப்பானில் 5,720 பேரைப் பின்தொடர்ந்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில் சராசரியாக ஆண்டுக்கு 0.95 விழுக்காடு அனியூரிசங்கள் வெடித்தன. சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 3, 4 மில்லிமீட்டர் அளவுள்ளவற்றில் ஆண்டுக்கு 0.36 விழுக்காடு; 10 முதல் 24 மில்லிமீட்டர்வரை 4.37, 25-க்கு மேல் 33-ஐத் தாண்டுகிறது. பையின் மேல் இன்னொரு குட்டிப் புடைப்பு இருந்தால் ஆபத்து கூடுகிறது. இடமும் முக்கியம். ஜப்பானியர்களிடமும் பின்லாந்துக்காரர்களிடமும் வெடிப்பது மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பதால் நம்மவர்களுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா.

இப்போது 75 வயதுக்காரர் ஒருவருக்கு 4 மில்லிமீட்டரில் ஓர் அனியூரிசம். பத்து ஆண்டுகளுக்குத் தோராயமாக 3.6 விழுக்காடு ஆபத்து, அதுவும் சிறிது சிறிதாகப் பரவி வருவது. சிகிச்சை எடுத்தால் 3 விழுக்காடு, மொத்தமும் ஒரே காலைப்பொழுதில். வயது கூடக் கூடச் சிகிச்சையின் ஆபத்தும் கூடுவதால், அவரைக் காத்திருக்கச் சொல்வதே பெரும்பாலும் நியாயம். அதே 4 மில்லிமீட்டர் 35 வயதுப் பெண்ணுக்கு, புகைப்பவருக்கு, தாயை இந்த நோய்க்கே பறிகொடுத்தவருக்கு இருந்தால் கணக்கு வேறு. வெடிக்கும் வேகம் ஆண்டுதோறும் ஒரே சீராக இருப்பதில்லை என்பதால் பெருக்கிப் பார்ப்பதும் முழு உண்மை ஆகாது. குலுக்கல் ஆய்வு நடத்தித் தீர்த்துக்கொள்ளலாம் என்று கனடாவின் மொன்றியாலிலிருந்து ‘டீம்’ என்ற முயற்சி தொடங்கியது; 80 பேர் சேர்ந்ததோடு நின்றுபோனது. சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதைக் குலுக்கலுக்கு விட யாருக்குத்தான் மனம் வரும்?

பெரிய, வாய் அகன்ற அனியூரிசங்களில் சுருள் தங்காது. அவற்றுக்கு வந்தது ஃப்ளோ டைவர்ட்டர் என்ற நெருக்கமான உலோக வலைக்குழாய். அது பைக்குள் போவதே இல்லை. தமனிக்குள் படுத்துக்கொண்டு, பையின் வாயை வலையால் மறைக்கிறது. பைக்குள் சுழன்றுகொண்டிருந்த இரத்தம் தேங்கி உறைகிறது. வலையின் மேல் திசு வளர்ந்து புதுச் சுவராகிறது. அதே வலைக்கு அடியில் பிரியும் நல்ல கிளைகள் பெரும்பாலும் அடைபடுவதில்லை, ஏனென்றால் அந்தக் கிளைகளின் மறுமுனையில் மூளை இரத்தத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. பைக்கு மறுமுனை கிடையாது. இந்த எளிய வேறுபாட்டை நம்பி ஒரு சிகிச்சையையே கட்டியிருக்கிறார்கள் என்பது என்னை வியக்க வைக்கிறது. 2011-ல் பைப்லைன் என்ற வலைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றுத்தந்த ஆய்வில் ஓராண்டில் 86.8 விழுக்காடு அனியூரிசங்கள் முழுமையாக மூடின. 5.6 விழுக்காட்டினருக்குப் பெரும் பக்கவாதமோ மூளை சார்ந்த மரணமோ நேர்ந்தது. மற்ற வழிகளில் குணமாக்கக் கடினமான அனியூரிசங்கள் அவை என்பதை மறக்கக்கூடாது.

வலை வைத்தவர் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் மாதக்கணக்கில் விழுங்க வேண்டும். பல் பிடுங்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், இரண்டு மாத்திரைகளையும் நிறுத்திவிட்டேன் என்பது இங்கே பக்கவாதத்தில் முடியலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து வேண்டும் என்பதாலேயே அப்போதுதான் வெடித்தவர்களுக்கு இந்த வலையை முதல் தேர்வாகக் கொள்ளத் தயங்குகிறார்கள். குளோபிடோக்ரலைச் செயல்படும் மருந்தாக மாற்றும் நொதி சிலர் உடலில் சரியாக வேலை செய்வதில்லை. அந்த மரபணு வேறுபாடு தெற்காசியர்களான நம்மிடம் அதிகம். வலை வைப்பதற்கு முன் மருந்து வேலை செய்கிறதா என்று பல மையங்களில் சோதித்துப் பார்க்கிறார்கள். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரா நிறுவனம் பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வுக்கூடத்தின் நிட்டினால் உலோகத்தைக் கொண்டு உள்நாட்டிலேயே இத்தகைய வலையை உருவாக்கியிருப்பதாக 2020-ல் அறிவிப்பு வந்தது. இறக்குமதி வலையின் விலையை நினைத்தால் அது பெரிய செய்தி.

சிகிச்சை வேண்டாம், கவனித்துக்கொள்ளலாம் என்று முடிவானால், கவனிப்பதும் ஒரு வேலைதான். சிகரெட்டை விட வேண்டும், இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். துளையே போடாமல் எம்.ஆர். ஆஞ்சியோகிராமில் அளந்து பார்க்கலாம். வளர்ந்திருந்தால் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோரில் இரண்டு பேருக்கு இந்த நோய் இருந்தவர்களும், சிறுநீரகத்தில் பரம்பரையாக நீர்க்கட்டிகள் வருபவர்களும் ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது பற்றி மருத்துவரிடம் பேசலாம். எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது அந்தத் தலைவலி. மெல்லத் தொடங்கி ஏறுவதில்லை. நொடிகளில் உச்சத்துக்குப் போகும், வாழ்நாளில் இப்படி வந்ததே இல்லை என்று சொல்ல வைக்கும். கழுத்து இறுக்கமும் வாந்தியும் சேரலாம். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேன் ஏறக்குறைய எல்லாக் கசிவையும் காட்டிக்கொடுக்கும். நாட்கள் கடந்தால் இரத்தம் கரைந்து ஸ்கேனில் தெரியாமல் போகலாம். அப்போது முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஒருமுறை கசிந்த பை மறுபடியும் வெடிக்கும் வாய்ப்பு முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம்.